சீகாழிக் குளக்கரையில் அழுத பிள்ளை



பிள்ளைச் செல்வத்தை இறைவன் தந்த வரமாகப் போற்றும் மரபு நம்முடையது. ஆயினும் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதத்திற்காக நிற்கும் வேளையில் பெற்றோர் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டால், அந்த வரம் சில வீடுகளில் பெரும் பாரமாக மாறியிருப்பது தெரியவரும். "சொல்வழி கேட்கிறான் இல்லை." "தொட்டதற்கெல்லாம் கோபம்." "கதவை அடித்துச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே கிடக்கிறாள்." "ஒவ்வொரு கிழமையும் பாடசாலையில் இருந்து தொலைபேசி வருகிறது." இப்படிச் சொல்பவர்கள் பாசம் இல்லாதவர்கள் அல்லர். பிள்ளைகளுக்காகவே இரவு பகலாக உழைப்பவர்கள். களைத்துப் போய், கடைசியில் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்: "சரியான குழப்படி."

குழப்படி என்று சொன்னவுடன் தீர்ப்பு வழங்கியாயிற்று. அதன் பிறகு ஏன் என்று கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. அந்த 'ஏன்' என்ற கேள்வியையே இன்று சிந்திக்க விரும்புகின்றோம். இதற்கு நாம் வெகுதூரம் போகத் தேவையில்லை. நம் தேவாரத் திருமுறைகள் தொடங்குவதே ஒரு பிள்ளையின் அழுகையில் இருந்துதான்.

சீகாழியில் நடந்தது

சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்தில் திருஞானசம்பந்தர் வரலாற்றை நாம் எல்லோரும் அறிவோம். மூன்று வயதுப் பாலகனுக்கு உமையம்மை ஞானப்பால் ஊட்டினார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கின்றோம். ஆனால் அந்தப் பால் கிடைப்பதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை விரைவாகக் கடந்துவிடுகின்றோம். சற்று நின்று பார்ப்போம்.

தந்தையார் சிவபாத இருதயர் நீராடுவதற்காகத் திருக்கோயில் குளத்திற்குப் புறப்படுகிறார். பிள்ளை பின்னால் வருகிறது. அவர் திரும்பிப் பார்த்து, கோபிப்பவர் போல முகத்தைக் காட்டித் தடுக்கிறார். பிள்ளை போகவில்லை. கிண்கிணி கட்டிய காலை நிலத்தில் உதைத்து அடம்பிடிக்கிறது. வேறு வழியின்றி, சரி வா என்று கூட்டிச் செல்கிறார். ஆம், ஆளுடைய பிள்ளையாரே காலை உதைத்து அடம்பிடித்த பிள்ளைதான். சேக்கிழார் பெருமான் இதனை மறைக்கவில்லை.

கரையில் பிள்ளையை இருத்திவிட்டுத் தந்தையார் நீரில் இறங்குகிறார். நீருக்குள் மூழ்கி நின்று மந்திரம் செபிக்கிறார். பிள்ளை பார்க்கிறது. தந்தையைக் காணவில்லை. கண்கள் கலங்குகின்றன. தோணிபுரத்துச் சிகரத்தைப் பார்த்து "அம்மையே, அப்பா" என்று அழுகிறது. இறைவனும் இறைவியும் விடைமேல் எழுந்தருளி வருகின்றனர். அம்மை பிள்ளையின் கண்ணீரைத் துடைத்துப் பொற்கிண்ணத்தில் பால் கொடுக்கிறார்.

கரையேறிய தந்தையார் பிள்ளையின் வாயில் பால் வழிந்திருப்பதைக் காண்கிறார். ஆசாரம் தவறாத அந்தணர் அவர். யாரோ கொடுத்த எச்சில் பாலைக் குடித்துவிட்டதே என்று கோபம் வருகிறது. சிறு கோல் ஒன்றை எடுத்து ஓங்கி, இதைத் தந்தவரைக் காட்டு என்று அதட்டுகிறார். பிள்ளை ஒரு கையை உயர்த்தி வானத்தைச் சுட்டிக் காட்டுகிறது. அந்தச் சுட்டிய விரலோடு பிறந்ததே தேவாரத்தின் முதற் பதிகம்.

இந்த வரலாற்றில் பெற்றோராகிய நமக்கு உரிய பாடங்கள் மூன்று உண்டு.

முதலாவது, பிள்ளை அழுததற்குக் காரணம் இருந்தது. தந்தையார் கைவிட்டுப் போகவில்லை. சில அடி தூரத்திலேதான் நின்றார். செய்ததும் தீய செயல் அல்ல, நித்திய கடமை. ஆனால் கரையில் நின்ற மூன்று வயதுப் பிள்ளைக்கு அவர் கண்ணில் தெரியவில்லை. பிள்ளைக்குக் கடமை என்றால் என்ன, மந்திரம் என்றால் என்ன என்று தெரியாது. அப்பாவைக் காணவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது, அம்மை முதலில் கண்ணீரைத் துடைத்தார். விசாரணை நடத்தவில்லை, புத்திமதி சொல்லவில்லை. பசித்த பிள்ளைக்குப் பால், பயந்த பிள்ளைக்கு ஒரு கை. மற்றதெல்லாம் பிறகு.

மூன்றாவது, கோலை ஓங்கிய தந்தையார் அடிப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டார். அதட்டியே கேட்டார் என்றாலும் கேட்டார். பிள்ளை விரலை நீட்டியபோது அந்தத் திசையைப் பார்த்தார். கேளாமல் அடித்திருந்தால் அந்தப் பிள்ளை எதைக் காட்ட வந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா?

நீரில் மூழ்கிய தகப்பன்மார்

இலண்டனில் வாழும் நம் குடும்பங்களை இக்கதையோடு வைத்துப் பாருங்கள். தகப்பன் இரவு வேலை, தாய் பகல் வேலை. பெற்றோல் நிலையம், கடை, வைத்தியசாலை, பராமரிப்பு இல்லம், அலுவலகம். வீட்டுக் கடன், ஊரில் உள்ளோருக்கு அனுப்பும் பணம், தங்கையின் திருமணம், வருடாந்தத் திருவிழாவின் உபயம் வரை எத்தனை கடமைகள். இவை எல்லாம் சிவபாத இருதயர் செய்த செபம் போன்று நியாயமான கடமைகளே. ஆனால் கரையில் நிற்கும் பிள்ளைக்குத் தகப்பன் நீருக்குள் இருக்கிறார். ஒரே வீட்டில் இருந்தும் கிழமையில் ஐந்து நாள் முகத்தைக் காணாத பிள்ளைகள் உண்டு. வீட்டில் இருக்கும் நேரத்திலும் கைத்தொலைபேசிக்குள் மூழ்கிவிட்டால் அதுவும் இன்னொரு குளமே.

உங்கள் உழைப்பைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளையின் குழப்படியில் ஒரு பகுதி, "அப்பா எங்கே, அம்மா எங்கே" என்ற அழுகையாக இருக்கலாம் என்பதையே சொல்ல விரும்புகின்றோம். மூன்று வயதில் அந்த அழுகை கண்ணீராக வரும். எட்டு வயதில் தம்பிக்கு அடிப்பதாக வரும். பதினாலு வயதில் கதவைச் சாத்துவதாக வரும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றே.

இந்த நகரம் கற்றுக்கொண்ட பாடம்

பிள்ளைகளின் குழப்படிக்குள் துயரம் ஒளிந்திருக்கிறது என்பதை நாம் வாழும் இந்த இலண்டன் நகரமும் யுத்த காலத்தில்தான் கற்றுக்கொண்டது. 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி தொடங்கிய சில நாட்களில், குண்டுவீச்சுக்கு அஞ்சி ஏறத்தாழ 15 இலட்சம் பேர் பிரித்தானிய நகரங்களில் இருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பிள்ளைகள். கழுத்தில் பெயர்ச்சீட்டும் கையில் சிறு பெட்டியுமாகத் தாய் தகப்பனைப் பிரிந்து சென்றார்கள். சில நாட்களில் கிராமத்து வீடுகளில் இருந்து முறைப்பாடுகள் வரத் தொடங்கின. படுக்கையை நனைக்கிறார்கள், களவு எடுக்கிறார்கள், சொல்வழி கேட்கிறார்கள் இல்லை, வளர்ப்புச் சரியில்லை என்றார்கள்.

அப்படி எந்த வீட்டாலும் சமாளிக்க முடியாத பிள்ளைகளுக்காக ஒக்ஸ்போர்ட் பகுதியில் விடுதிகள் அமைக்கப்பட்டன. அங்கு ஆலோசகராகச் சென்றவர் பிள்ளை வைத்தியரும் மனநல நிபுணருமான டொனல்ட் வினிகொட். இலண்டனில் பல ஆண்டுகள் ஏழைப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அவர் பிற்காலத்தில் வந்தடைந்த முடிவு நம்மை வியக்க வைக்கிறது. களவெடுக்கும் பிள்ளை, பொருட்களை உடைக்கும் பிள்ளை நம்பிக்கையை முற்றாக இழக்கவில்லை. தான் இழந்த ஒன்றைத் திரும்பக் கேட்கிறது, யாராவது கவனிப்பார்கள் என்று இன்னும் எதிர்பார்க்கிறது என்றார். ஆகவே குழப்படி என்பது நம்பிக்கையின் அடையாளம் என்பது அவர் கருத்து. குழப்படியும் இன்றி, கேள்வியும் இன்றி, அப்படியே அடங்கிப்போன பிள்ளையைப் பார்த்துத்தான் நாம் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்.

அதே காலத்தில் ஹம்ஸ்ரெட்டில் யுத்தத்தால் இடம்பெயர்ந்த சிறு பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்தியவர் அனா பிராய்ட் அம்மையார். அவரும் நம்மைப் போல அகதியாக வந்தவர்; 1938இல் வியன்னாவை விட்டுத் தம் தந்தையோடு இந்நகரில் தஞ்சம் புகுந்தவர். தாயோடு சேர்ந்து குண்டுவீச்சைக் கண்ட பிள்ளைகளைவிட, பாதுகாப்பான இடத்தில் தாயைப் பிரிந்து இருந்த பிள்ளைகளே அதிகம் துன்புற்றார்கள் என்பதை அவரும் அவருடைய தோழியும் கண்டார்கள். காப்பகத்துப் பிள்ளைகளைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தாய்போல ஒருவரை நியமித்தார்கள். உடனே என்ன நடந்தது தெரியுமா? குழப்படி கூடியது. பொறாமை, அழுகை, "எனக்கு மட்டும்" என்ற பிடிவாதம் எல்லாம் வந்தன. அன்பு கிடைத்ததும் அதை இழந்துவிடுவோமோ என்ற பயமும் கூடவே வந்துவிட்டது. காலப்போக்கில் அது தணிந்து பிள்ளைகள் செழித்தார்கள். இதை நம் பெற்றோர் மனதில் குறித்து வைப்பது நல்லது. நீங்கள் பிள்ளையோடு நேரம் செலவிடத் தொடங்கிய முதற் கிழமையே பிள்ளை திருந்திவிடாது. இன்னும் கொஞ்சம் குழப்படி கூடக்கூடும். அதற்காகக் கைவிட்டுவிடக் கூடாது.

யுத்தம் முடிந்த பின்னும் அக்கால வைத்தியசாலைகளில் பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்கும் நேரம் மிகக் குறைவாகவே இருந்தது. பெற்றோர் வந்தால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்று தாதியர் காரணம் சொன்னார்கள். 1952இல் ஜேம்ஸ் றொபேட்சன் என்பவர், வைத்தியசாலையில் எட்டு நாட்கள் தனித்திருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்துக் காட்டினார். அந்த அமைதி மனச்சோர்வு என்பதை உலகம் கண்டது. 1959இல் அரசின் குழு ஒன்று, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று நம் பிள்ளை நோயுற்றால் இரவில் அதன் கட்டிலருகே நாம் படுத்துறங்குகின்றோம் என்றால், அழுகையின் காரணத்தைத் தேடிய சிலரால் வந்த நன்மை அது.

நம் வீடுகளின் மௌனம்

இவற்றை வாசிக்கும்போது நம் சொந்தக் கதை நினைவுக்கு வராமல் போகாது. 1983 ஆடிக் கலவரத்திற்குப் பின்னர் எத்தனை வீடுகளில் தகப்பன் முதலில் புறப்பட்டார், தாயும் பிள்ளையும் ஆண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் புகைப்படத்தில் மட்டும் கண்ட ஒருவரை 'அப்பா' என்று அழைக்கச் சொன்னபோது தாயின் சேலைக்குள் ஒளிந்த பிள்ளைகள் இன்று தாமே பெற்றோராகிவிட்டார்கள். 2009 மே மாதம் வரை வன்னியில் இருந்து வந்தவர்களோ பிள்ளைகளிடம் சொல்ல முடியாதவற்றைத் தம் கண்ணால் கண்டவர்கள். யாழ்ப்பாணத்தில் யுத்தத்தின் மத்தியிலேயே மனநல வைத்தியராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், யுத்தம் தனி மனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று பல காலமாக எழுதி வந்திருக்கின்றார்.

இங்கு பிறந்த பிள்ளை ஷெல் சத்தம் கேட்டதில்லை. ஆனால் கதவு பலமாகச் சாத்தப்பட்டால் அப்பா திடுக்கிடுவதைப் பார்த்திருக்கிறது. அம்மா சில நாட்களில் காரணமின்றி அழுவதைப் பார்த்திருக்கிறது. கேட்டால் "ஒன்றுமில்லை, போய்ப் படி" என்ற பதில் வருகிறது. வீட்டில் ஏதோ ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. பேசக் கூடாதது வேறு வழியில் வெளியே வரும்.

நம் ஞாயிறு வகுப்புகளில் நடந்த ஒன்றை, குடும்பத்தை அடையாளம் காணாதபடி விபரங்களை மாற்றிச் சொல்கின்றோம். ஒன்பது வயதுப் பையன் ஒருவன். நல்ல பிள்ளையாக இருந்தவன் திடீரென்று கொப்பிகளைக் கிழித்தான், பக்கத்தில் இருந்தவர்களுக்கு அடித்தான், தேவாரம் பாடும்போது எழுந்து ஓடினான். மற்றப் பெற்றோர் முறையிட்டார்கள். அவனை நிறுத்திவிடலாம் என்று பேச்சு எழுந்தது. தொண்டாசிரியை ஒருவர் ஒரு கிழமை பொறுக்கும்படி கேட்டார். அடுத்த ஞாயிறு அவனை முன்னால் இருத்தாமல், தான் அவன் பக்கத்தில் போய் இருந்து, "அப்பன், உமக்கு என்ன கவலை?" என்று கேட்டார். நெடுநேரம் அவன் பேசவில்லை. பிறகு ஆங்கிலத்தில் சொன்னான்: "அம்மம்மாவோடு கதைக்க ஒருவரும் விடுகிறார்கள் இல்லை."

யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மம்மா இரண்டு மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார். கிராமர் பாடசாலைச் சோதனைக்கு ஆயத்தம் செய்கிற பிள்ளை குழம்பிவிடும் என்று பெற்றோர் சொல்லவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைத்த பிள்ளைக்கு, "அம்மம்மா நித்திரை", "அங்கே லைன் இல்லை" என்று சொல்லி வந்தார்கள். அன்பினால் செய்தது. ஆனால் பிள்ளை என்ன நினைத்தான்? அம்மம்மாவுக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்தான்.

பெற்றோர் அவனை மடியில் இருத்தி உண்மையைச் சொன்னார்கள். அழுதான். நெடுநேரம் அழுதான். அடுத்த மாசியத்திற்குக் கோயிலில் அவன் கையாலேயே விளக்கேற்ற வைத்தார்கள். குழப்படி அன்றோடு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டோம். மெல்ல மெல்லக் குறைந்தது. இன்று வகுப்பில் இருக்கிறான். அந்த ஆசிரியை கேட்காதிருந்தால் அவன் கோயிலை விட்டும் தமிழை விட்டும் போயிருப்பான். அவன் நீட்டிய விரலை ஒருவர் பார்த்தார், அவ்வளவுதான்.

உடலிலும் மூளையிலும் உள்ள காரணங்கள்

எல்லாக் குழப்படிக்கும் மனக்கவலையே காரணம் என்று எண்ணிவிடவும் கூடாது. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே வைத்தியம் செய்ய வேண்டும் என்று வகுத்துள்ளார். சரியாகக் காது கேளாத பிள்ளை சொல்வழி கேளாத பிள்ளையாகத் தெரியும். கரும்பலகை தெரியாத பிள்ளை கவனமில்லாத பிள்ளையாகத் தெரியும். நித்திரை போதாத பிள்ளை, எழுத்துக்கள் குழம்பும் பிள்ளை, பாடசாலையில் பிறர் கொடுமைக்கு உள்ளான பிள்ளை எல்லாருக்கும் நாம் வைத்திருப்பது ஒரே பெயர்.

ஓட்டிசம் பற்றி இங்கு தனியே சொல்ல வேண்டும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், தாயின் பாசக் குறைவே இதற்குக் காரணம் என்று மேலைநாட்டு நிபுணர் சிலர் எழுதி எண்ணற்ற தாய்மாரைக் குற்றவாளி ஆக்கினார்கள். அந்த எண்ணத்தை மாற்றப் பாடுபட்டவர்களில் ஒருவர் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் லோர்னா விங். அவரே ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் தாய். 1962இல் இந்நகரில் பெற்றோர் சேர்ந்து தேசிய ஓட்டிசம் சங்கத்தைத் தொடக்கியபோது அவரும் அவர்களில் ஒருவர். 1979இல் அவரும் யூடித் கூல்ட் என்பவரும் தென் இலண்டன் கம்பவெல் பகுதிப் பிள்ளைகளை ஆராய்ந்து, இது ஒரே அச்சில் வார்த்த நோய் அன்று, பிள்ளைக்குப் பிள்ளை பல வடிவங்களில், பல அளவுகளில் காணப்படும் தன்மை என்று காட்டினார்கள். பிறவியிலேயே அமைந்த மூளையின் இயல்பு இது, வளர்ப்பினால் வருவது அன்று என்பது இன்று தெளிவு.

நம்மிடையே இன்றும் கண்ணூறு என்றும், செய்வினை என்றும், முற்பிறவிப் பாவம் என்றும் பேசுவோர் உண்டு. தாயின் தலையில் பழியைப் போடுவோர் அதைவிட அதிகம். மேளமும் தவிலும் முழங்கும்போது இரு காதையும் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளை சுவாமியை அவமதிக்கவில்லை. நமக்கு மங்கலமான ஒலி அதன் செவியில் வலியாக விழுகிறது. அந்தத் தாய் கூட்டத்தின் பார்வைக்கு அஞ்சிக் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டால், பிழை அந்தப் பிள்ளையில் இல்லை, நம்மில் இருக்கிறது. காதுமூடி அணிந்து வரும் பிள்ளையை ஒருவரும் உற்றுப் பார்க்க வேண்டாம். கூட்டம் குறைந்த வார நாள் நேரத்தில் வந்து வணங்க விரும்பும் குடும்பத்திற்கு வழிவிடுவோம். அர்ச்சனைத் தட்டைப் பிடிக்கத் தெரியாவிட்டாலும் அந்தப் பிள்ளைக்கும் விபூதி உண்டு.

உதவி தேடுவதில் வெட்கம் வேண்டாம். சந்தேகம் இருந்தால் முதலில் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். பிள்ளையைப் பற்றிப் பேசப் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக வைக்க வேண்டாம். பாடசாலையில் விசேட தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். 'சென்கோ' என்று கேட்டால் காட்டுவார்கள். மேலதிக உதவி தேவைப்படும் பிள்ளைக்கு மதிப்பீடு செய்யுமாறு உள்ளூராட்சிச் சபையைப் பெற்றோரே நேரடியாகக் கேட்கும் உரிமையை 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம் தந்திருக்கிறது. கடிதங்களைத் திறக்காமல் மேசையில் அடுக்கி வைப்பதால் காலம்தான் போகும். கணக்கியல் தொழிலில் உள்ள நாம் இதை நாள்தோறும் காண்கின்றோம். கணக்குச் சமப்படவில்லை என்றால் பேரேட்டை அடித்துப் பயனில்லை. எந்தப் பதிவில் பிழை என்று பொறுமையாகத் தேட வேண்டும். எவ்வளவு முன்னதாகத் தேடுகிறோமோ அவ்வளவு நல்லது.

பழனிக்குப் போன பிள்ளை

இன்னொரு காரணத்தை முருகப் பெருமானின் திருவிளையாடலே நமக்குக் காட்டுகிறது. ஒரு பழம், இரண்டு பிள்ளைகள், ஒரு போட்டி. அண்ணன் பெற்றோரைச் சுற்றி வந்து பழத்தைப் பெற்றார். தம்பியோ உலகம் முழுவதையும் உண்மையாகவே சுற்றி வந்தார். அவர் செய்த முயற்சியில் குறை ஏதும் இல்லை. வந்து பார்த்தபோது பழம் முடிந்துவிட்டது. கோபித்துக்கொண்டு மலையேறிவிட்டார். தத்துவப் பொருள் பல உண்டு. ஆனால் ஒரு தாயின் கண்ணால் பார்த்தால், ஒப்பிட்டதால் மனம் நொந்த பிள்ளை அது. அம்மையும் அப்பனும் அதைத் திமிர் என்று விட்டுவிடவில்லை. தாமே தேடி வந்து, நீயே பழம் அன்றோ என்று தேற்றியதாகத் தல வரலாறு சொல்கிறது.

நம் வீடுகளில் அந்த மாம்பழத்தின் பெயர் கிராமர் பாடசாலை. கிங்ஸ்டன், சட்டன், பார்னெற் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பத்து வயதுப் பிள்ளைகள் ரியூசனுக்கு ஓடுகிறார்கள். கல்வியே நம்மைக் கரை சேர்த்தது. அதனை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் இடங்கள் சில, எழுதுபவர்கள் பலர். பெரும்பாலான பிள்ளைகள் உலகைச் சுற்றி வந்து பழம் இல்லாமல் நிற்பார்கள். அன்று "அவையின்ரை பிள்ளைக்குக் கிடைத்ததே" என்று ஒரு சொல் சொன்னால் அந்தப் பிள்ளை மனதால் மலையேறிவிடும். பிறகு நாம் எத்தனை படி ஏறினாலும் எட்டாது.

அடியாத மாடு படியாதா?

"நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம், நன்றாகத்தானே இருக்கிறோம்" என்று சில பெரியவர்கள் கேட்பது நமக்குத் தெரியும். அடியாத மாடு படியாது என்பது பழமொழி. ஆனால் அது மாட்டுக்குச் சொன்னது. யசோதைப் பிராட்டியார் வெண்ணெய் திருடிய கண்ணனைக் கோலோடு துரத்தினார். பிள்ளை பயந்துவிட்டதைக் கண்டதும் கோலை எறிந்துவிட்டார் என்கிறது பாகவதம். கயிற்றால் கட்டினார், ஆம். கட்டுப்பாடு வேண்டும். பயமுறுத்திய கோல் வேண்டாம்.

காரணத்தை அறிவது குற்றத்தை மன்னித்து விடுவதும் அன்று. அடித்த பிள்ளை மன்னிப்புக் கேட்க வேண்டும். கிழித்த கொப்பியை ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஆனால் காரணம் தெரிந்த தகப்பன் கொடுக்கும் தண்டனையைப் பிள்ளை ஏற்றுக்கொள்கிறது. காரணம் தெரியாத தகப்பன் கொடுக்கும் அடியை நினைவில் மட்டும் வைத்திருக்கிறது. நாட்டின் சட்டமும் மாறி வந்திருக்கிறது. அரசாங்கப் பாடசாலைகளில் பிரம்பு 1987இல் நின்றது. பெற்றோர் பிள்ளையைக் காயப்படுத்திவிட்டு, அது நியாயமான தண்டனை என்று வாதாடும் வழியை இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்தது. ஸ்கொட்லாந்து 2020 நவம்பரிலும் வேல்ஸ் 2022 மார்ச்சிலும் எல்லா அடியையும் தடை செய்தன. சட்டத்திற்குப் பயந்து கோலைக் கீழே வைப்பதைவிட, சீகாழியை நினைத்துக் கீழே வைப்பது மேல்.

வீட்டில் செய்யக்கூடியவை

அன்பர்களே, இக்கட்டுரையை வாசித்தபின் ஒவ்வொரு வீட்டிலும் சிறிதளவாவது நடைமுறைக்கு வர வேண்டும் என்பது நம் விருப்பம்.

பிள்ளை குழப்படி செய்யும்போது வாய் திறக்கும் முன் மூன்றைப் பாருங்கள். பசியா, நித்திரையா, உடம்பு சரியில்லையா? பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

கோபம் தணிந்த பின்னர் கேளுங்கள். "ஏன் செய்தாய்?" என்பது வழக்கு மன்றக் கேள்வி. "என்ன நடந்தது?" என்பது உறவின் கேள்வி. பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னால் ஆங்கிலத்திலேயே கேளுங்கள். தமிழ் வளர்க்க வேறு நேரம் இருக்கிறது. மனம் திறக்கும் நேரத்தில் இலக்கணப் பிழை பார்க்க வேண்டாம்.

நாளுக்குப் பத்து நிமிடமாவது, சோதனைப் புள்ளி பற்றிய பேச்சும் கைத்தொலைபேசியும் இன்றிப் பிள்ளையின் பக்கத்தில் இருங்கள். நீரில் இருந்து தலையைத் தூக்கி, "இங்கேதான் நிற்கிறேன்" என்று காட்டினால் போதும்.

வீட்டில் மரணமோ, வேலை இழப்போ, விசாப் பிரச்சினையோ ஏற்பட்டால் வயதிற்கு ஏற்றபடி உண்மையைச் சொல்லுங்கள். சொல்லாதுவிட்டால் பிள்ளை தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்ளும். பெரும்பாலும் அந்தக் காரணம் தானேதான் என்று முடிவு செய்யும்.

தனியே தாங்க முடியாத வேளையில் வெளியே உதவி கேளுங்கள். சீகாழியில் தந்தை காணாத வேளையில் அழுகையைக் கேட்டு அம்மை வந்தார். இங்கே ஆசிரியர் வடிவிலும், வைத்தியர் வடிவிலும், பக்கத்து வீட்டு மாமி வடிவிலும் அவர் வரக்கூடும்.

குளக்கரையில் கோலை ஓங்கிய தந்தையார், பிள்ளை காட்டிய திசையில் இறைவனைத் தேடினார். பிறகு அதே பிள்ளையைத் தோளில் சுமந்து ஊர் ஊராகத் திருத்தலங்களுக்குக் கூட்டிச் சென்றார். ஓங்கிய கை சுமக்கும் கையாயிற்று. நம் பிள்ளைகள் நீட்டும் விரல் எப்போதும் வானத்தைக் காட்டாது. சில வேளை நம் வீட்டு மௌனத்தைக் காட்டும், சில வேளை பாடசாலை முற்றத்தைக் காட்டும், சில வேளை நம்மையே காட்டும். எதைக் காட்டினாலும் பார்க்கும் துணிவை அம்மையப்பர் நமக்குத் தந்தருள வேண்டும் என்று பிரார்த்திக்கின்றோம்.

எல்லாப் பிள்ளைகளும் நலமாக வாழ இறைவன் திருவருள் துணை நிற்பதாக.

சுபம்.